வட சைப்பிரஸில் வீடு பார்க்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான உறவுகளே,

லண்டனில் ஹரோவோ, ஈஸ்ட் ஹாமோ, டூட்டிங்கோ, எங்கே இருந்தாலும் அந்த விளம்பரம் உங்கள் கைபேசிக்கும் வந்திருக்கும். கைரீனியா கடற்கரையோரம் இரண்டு அறை வீடு, நீச்சல் குளம், பணத்தைத் தவணையாகக் கட்டலாம். தெற்கே பாஃபோஸில் அதே அளவு வீட்டுக்குக் கேட்கும் விலையை நினைத்தால் இது இலவசம் மாதிரி இருக்கும். ஒரே தீவு, ஒரே வெயில், ஒரே கடல். பிறகு ஏன் இத்தனை மலிவு என்று முகவரிடம் கேட்டால், "இன்னும் வளர்ந்துவரும் சந்தை" என்பார். உண்மையான காரணம் காணியில் இருக்கிறது.

1974 ஜூலையில் கிரேக்க இராணுவ ஆட்சியின் தூண்டுதலில் சைப்பிரஸில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்து நாளில் துருக்கிப் படை கைரீனியா அருகே வந்து இறங்கியது. ஆகஸ்ட் முடிவதற்குள் தீவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதன் கையில். வடக்கில் இருந்த ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கிரேக்க சைப்பிரியர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெற்கே ஓடினார்கள். 1983-இல் அங்கே தனி நாடு அறிவித்தார்கள். அது செல்லாது என்றது ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 541-ஆம் தீர்மானம். இன்றுவரை துருக்கி ஒன்றுதான் அதை நாடாக அங்கீகரித்திருக்கிறது.

இப்போது காணி உறுதிக்கு, அதாவது உரிமைப் பத்திரத்துக்கு, வருவோம். அங்கே அதைக் கொச்சான் என்கிறார்கள். கொச்சான் எல்லாம் ஒன்றல்ல. 1974-க்கு முன்பே துருக்கிய சைப்பிரியர் பெயரிலோ வெளிநாட்டவர் பெயரிலோ இருந்த காணி ஒரு வகை. விலை கூடியது, கிடைப்பதும் அரிது. இரண்டாவது 'எஷ்தெயர்' எனும் மாற்று உறுதி. தெற்கில் காணியை விட்டு வந்த துருக்கிய சைப்பிரியருக்கு அதற்கு ஈடாக வடக்கில் கொடுத்தது. அதாவது ஓடிப்போன கிரேக்க சைப்பிரியரின் காணி. மூன்றாவது 'தஹ்சிஸ்'. துருக்கியிலிருந்து வந்து குடியேறியவர்கள் போன்றோருக்கு ஒதுக்கிக் கொடுத்தது, அதுவும் பெரும்பாலும் அதே மாதிரிக் காணிதான். விளம்பரத்தில் எல்லாமே 'முழு உரிமை' என்றுதான் வரும். எந்த வகை என்பது, நீங்கள் முன்பணம் கட்டிய பிறகு வருகிற காகிதத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும்.

ஓரம்ஸ் வழக்கைப் படியுங்கள். ஓர் ஆங்கிலேயத் தம்பதி 2002-இல் லாபித்தோஸ் ஊரில் காணி வாங்கி, ஓய்வுக்காலத்துக்கென்று வீடு கட்டினார்கள். 2003 ஏப்ரலில் வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான எல்லைக் கடவைகள் திறந்தன. காணியின் பழைய உரிமையாளரான அப்போஸ்தொலிதெஸ் வடக்கே போய், தன் காணியில் அந்நியர் வீடு நிற்பதைப் பார்த்தார். தெற்கை ஆளும் சைப்பிரஸ் குடியரசின் நிக்கோசியா நீதிமன்றத்துக்குப் போனார். 2004 அக்டோபரில் ஒருவர் அந்த வீட்டு வாசலுக்கு வந்து வீட்டுக்கார அம்மாவின் கையில் சில தாள்களைக் கொடுத்தார். எல்லாம் கிரேக்க மொழி. அது நீதிமன்ற அழைப்பாணை என்று அவருக்கு அப்போது விளங்கவில்லை. ஆள் பிடித்து, விஷயம் விளங்கி, வழக்கறிஞர் தேடுவதற்குள் இரண்டு வாரம் போய்விட்டது, தீர்ப்பும் வந்துவிட்டது. வீட்டை இடி, நீச்சல் குளத்தை இடி, வேலியை அகற்று, காணியை ஒப்படை, நட்ட ஈடும் கட்டு. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இந்தத் தீர்ப்பை இங்கிலாந்து மதித்தாக வேண்டும் என்றது. 2010 ஜனவரியில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. சைப்பிரஸ் தீர்ப்பின் கடன் அவர்களை இங்கிலாந்தில் இருந்த சொத்துவரை துரத்தி வந்தது.

"அது பிரெக்ஸிட்டுக்கு முந்தைய கதை" என்பார்கள். சரி, ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனுக்கு அந்த ஐரோப்பிய வழி இப்போது இல்லை. ஆனால் பிரெக்ஸிட் வந்ததால் காணி உங்களுடையதாகிவிடவில்லையே. சைப்பிரஸ் குடியரசின் குற்றவியல் சட்டமும் மாறவில்லை. பதிவு பெற்ற உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் அவருடைய சொத்தை விற்பதும், வாங்குவதும், வாடகைக்கு விடுவதும், விளம்பரம் செய்வதும்கூட அங்கே 2006 முதல் குற்றம். ஏழு ஆண்டுவரை சிறை. வெகுகாலம் இது ஏட்டுச் சுரைக்காயாகத்தான் கிடந்தது. 2024 ஜூனில் வடக்கில் பெரிய அளவில் கட்டிடம் கட்டி விற்ற தொழிலதிபர் ஒருவர் கைதானதோடு அந்தக் காலம் போயிற்று. அடுத்த ஆண்டு, விளம்பரம் செய்து விற்க முயன்ற இரண்டு ஹங்கேரியப் பெண்களுக்குச் சிறைத்தண்டனை. வடக்கே உள்ள எர்ஜான் விமான நிலையத்துக்குப் பிரிட்டனிலிருந்து நேரடி விமானம் கிடையாது, துருக்கியில் இறங்கித்தான் போக வேண்டும். அதனால் வீடு வாங்கியவர்கள் பலர் வசதி பார்த்துத் தெற்கே உள்ள லார்னகாவில் இறங்குகிறார்கள். அங்கே கடவுச்சீட்டைப் பார்ப்பது இந்தச் சட்டத்தை வைத்திருக்கும் அரசு.

முகவர்கள் நீட்டுகிற இன்னொரு சீட்டு 2010-ஆம் ஆண்டு டெமோபூலோஸ் தீர்ப்பு. வடக்கில் அமைத்த சொத்து ஆணைக்குழுவை ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது உண்மைதான். பழைய உரிமையாளர் முதலில் அங்கே போய் நட்ட ஈடோ காணியோ கேட்க வேண்டும் என்றது. நேற்று வாங்கிய வெளிநாட்டவருக்கு அது உறுதி எழுதிக் கொடுக்கவில்லை.

துருக்கிய சைப்பிரியர்களைத் திருடர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களில் பலர் 1963-64 கலவரத்திலேயே ஊரை விட்டு ஓடியவர்கள். 1974-க்குப் பிறகு பாஃபோஸ், லிமசோல் பக்கமிருந்து பல்லாயிரம் பேர் வீடு வாசலை விட்டு வடக்கே வந்தார்கள். தெற்கில் அவர்கள் காணி இன்றும் அரசின் பொறுப்பில் கிடக்கிறது. மாற்று உறுதியோடு ஐம்பது வருடமாக ஒரு வீட்டில் இருப்பவரை எழும்பிப் போ என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்குப் போக வேறு இடம் இல்லை. கோடையில் இரண்டு வாரம் காலை நீட்டப் போகிற நமக்கு அந்த நியாயம் எதுவும் கிடையாது.

நம்மில் எத்தனை பேர் வீட்டு அலுமாரியில், யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குக் காணி உறுதி ஒன்று பழைய பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது? 1990-இல் போரில் வெளியேறி, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நம் ஊரைப் பார்த்தவர்கள் நாம். கொஞ்சம் விடுபட்டது, இன்னும் கொஞ்சம் விடுபடவில்லை. சனம் முகாம்களில் கிடந்தபோதே காங்கேசன்துறைக் கடற்கரையில் இராணுவம் விடுமுறை விடுதி நடத்தியது. அங்கே வந்து தங்கிப் படம் எடுத்துப் போட்டவர்களை நாம் என்னென்ன சொல்லித் திட்டினோம் என்பது உங்களுக்கே தெரியும். லாபித்தோஸ்காரரின் அலுமாரியிலும் அப்படி ஒரு உறுதி இருக்கிறது.

இதற்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால், கடவைக்குத் தெற்கே உள்ள ஊர்களைப் பாருங்கள். வடக்கில்தான் என்று பிடிவாதமாக நின்றால், 1974 ஜூலைக்கு முன் அந்தக் காணி யார் பெயரில் இருந்தது என்பதை எழுத்தில் கேளுங்கள். முகவர் கைகாட்டும் வழக்கறிஞர் வேண்டாம், உங்கள் காசில் தனியாக ஒருவரைப் பிடியுங்கள். காணி அடமானத்தில் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டியவர் வாங்கிய வங்கிக் கடனுக்காக, முழுப் பணமும் கட்டியவர்கள் வீட்டை இழந்த கதைகள் அங்கே உண்டு. பழைய உரிமையாளர் பெயர் கிரேக்கப் பெயராக இருந்தால் முன்பணம் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அடுத்த பயணத்துக்கு டிக்கெட் போடுவதற்கு முன், சைப்பிரஸ் குடியரசில் தொழில் செய்யும் ஒரு வழக்கறிஞரிடம் உங்கள் காகிதங்களைக் காட்டுங்கள். விற்றுக் கைகழுவலாம் என்று இணையத்தில் விளம்பரம் போட்டுவிட வேண்டாம். அந்தச் சட்டத்தில் அதுவும் குற்றம்.

அன்புடன்,
லண்டனிலிருந்து ஒரு வலிகாமத்துக்காரன்