நீல அட்டையும் அறுபது படியும்

கோத்தகிரி
ஞாயிறு இரவு

அன்புள்ள மேரிக்கு,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாக நாலு நாள் ஓடிவிட்டது. பேரிக்காய் பறிக்க ஏறின மரத்திலிருந்து உன் வீட்டுக்கார அண்ணன் விழுந்ததையும், இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொன்னதையும் நாலே வரியில் எழுதி முடித்துவிட்டாய். மீதியெல்லாம் செலவுக் கணக்கு. கடைசியில், 'கவர்மென்ட் பணத்துக்குக் கை நீட்டக் கூச்சமாக இருக்கிறது' என்று ஒரு வரி. அந்த வரிக்குத்தான்டி இந்தக் கடிதம்.

அந்தக் கூச்சம் எனக்கும் இருந்தது. என் மகனுக்கு, நம் தம்பிக்கு, மூளை முடக்குவாதம் என்று தெரிந்த பிறகும் ஏழு வருஷம் நான் எந்த ஆபீஸ் வாசலையும் மிதிக்கவில்லை. 'நம்ம பிள்ளையை நாமே பார்த்துக்கலாம்' என்று மாமியார் சொன்னது பெருமையாகக்கூட இருந்தது. பார்த்துக்கொண்டது யார்? நான் ஒருத்திதான். அந்த ஏழு வருஷத்தில் என் சங்கிலி போனது, தையல் மெஷின் போனது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் பற்றி அப்புறம் ஒரு முகாமில் சொல்லிக் கேட்டேன். அதிகத் துணை தேவைப்படுகிறவர்களுக்கு, பராமரிக்கிறவருக்கான படியும் தர வேண்டும் என்று அதில் எழுதியே இருக்கிறதாம். மற்றவர்களுக்கு ஒரு திட்டத்தில் எவ்வளவு தருகிறார்களோ, அதே மாதிரி திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்றும் இருக்கிறது. சட்டத்தில் எழுதிவைத்ததைக் கேட்பதில் கூச்சம் என்ன?

முதலில் யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. அது கையில் இல்லாமல் எந்த மேஜைக்குப் போனாலும் திருப்பி அனுப்புவார்கள். டாக்டர் பார்த்துச் சதவீதம் போடுவார். 40 தொட்டால் மஞ்சள், 80 தொட்டால் நீலம். தம்பிக்கு நீலம். சதவீதம் போடும் நாளில் அண்ணனுக்கு நல்ல சட்டை போட்டு, தலைவாரி, நிமிர்த்தி உட்காரவைத்து, 'இப்போ பரவாயில்லைங்க' என்று நீ சொல்லிவிடாதே. நான் சொன்னேன். நம் வாய்க்கு அது பழகிப்போன வார்த்தை. படுக்கையில் புரட்டிவிடுவது, சிறுநீர்ப் பை மாற்றுவது, எல்லாவற்றையும் உள்ளபடி சொல்.

அப்புறம் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2000 ரூபாய். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கும் அது உண்டு. அதற்கான மாவட்ட ஆபீஸுக்குப் போக, எனக்கு ஊட்டிக்கு ஒரு பஸ் ஏறினால் போதும், கட்டபெட்டு, தொட்டபெட்டா தாண்டினால் வந்துவிடும். உனக்குத்தான் பாடு. மலையிறங்கி, வத்தலக்குண்டு தாண்டித் திண்டுக்கல் வரைக்கும் போக வேண்டும். அண்ணனைத் தூக்கிக்கொண்டு அலையாதே, முதல் தடவை பேப்பரோடு நீ மட்டும் போய் விசாரி. அங்கே கட்டாயம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எந்நேரமும் ஆள் துணை வேண்டியவர்களுக்கு, உதவியாளருக்காக மாதம் 1000 தனியாகத் தருகிறார்கள். எனக்கு யாரும் தானாகச் சொல்லவில்லை. வரிசையில் முன்னால் நின்ற ஒரு பாட்டி சொல்லித்தான் தெரியும். இன்னொன்று, அண்ணன் பேரில் பணம் வருகிறது என்பதற்காக உன் மகளிர் உரிமைத்தொகையை நிறுத்த மாட்டார்கள். அந்தப் பயம் வேண்டாம்.

சரி, இதெல்லாம் போதுமா என்றால் போதாது. இரண்டையும் கூட்டி நாள் கணக்குப் போட்டால் நூறு ரூபாய். நான் தோட்டத்துக்கு இலை பறிக்கப் போயிருந்தால் இதைவிடப் பல மடங்கு கிடைத்திருக்கும். தம்பிக்கு எத்தனை சதவீதம் என்று எழுத அட்டையில் இடம் இருக்கிறது, என் இடுப்புக்கு எத்தனை சதவீதம் என்று யாரும் கேட்டதில்லை. இதை இவரிடம் சொன்னால் சிரிக்கிறார். சிரிக்கட்டும். இப்போதெல்லாம் ராத்திரி புரட்டிவிடும் முறை அவருடையது.

தம்பிக்குப் பதினெட்டு முடிந்ததும் ஒரு பேங்கில், 'அவரே கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் கார்டியன் சான்று கொண்டு வாங்க' என்று சொல்லிவிட்டார்கள். பெற்ற அம்மா நான், எனக்கெதற்குச் சான்று என்று சண்டை போட்டேன். அவர்கள் சொன்னதும் சரிதான். பதினெட்டுக்கு மேல் தாய் தகப்பன்கூடத் தானாகக் கார்டியன் ஆகிவிட முடியாது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையில் ஒரு குழு இருக்கிறது, அது நியமிக்க வேண்டும். அதற்கு நான் அலைந்த கதையை நேரில் சொல்கிறேன். உனக்கு அந்தத் தொல்லை இல்லை. அண்ணனுக்கு உடம்புதான் முடியவில்லை, கையெழுத்து இன்னும் அவருடையதுதான். எந்த பாரத்தையும் அவரிடம் படித்துக் காட்டிவிட்டு அவரையே போடச் சொல். 'அவருக்கு எதுக்குச் சிரமம்' என்று நீயே போடத் தொடங்கினால், வீட்டில் அவர் ஒரு சாமான் ஆகிவிடுவார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்கவைப்பதை மட்டும் விடாதே. புண் வந்துவிட்டால் இந்தக் குளிரில் ஆறவே ஆறாது.

முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு பேட்டரி சக்கர நாற்காலியும் தருகிறார்கள். ஆசையாக உடனே எழுதிக் கொடுத்துவிடாதே. எங்கள் தெருவில் ஒருவருக்கு வந்தது. ரோட்டிலிருந்து அவர் வீட்டுக்கு அறுபது படி இறங்க வேண்டும். நாற்காலி இப்போது டீக்கடைத் தாழ்வாரத்தில் நிற்கிறது, மழைக்கு ஒரு பூனை அதில் படுத்திருக்கிறது. அவரை ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு மேலே வந்தால்தான் அதில் உட்கார முடியும்.

உன் வீட்டு வாசலுக்கு ரோட்டிலிருந்து எத்தனை படி? எண்ணி எழுது.

உன்
வசந்தா