அந்தப் பெட்டி எங்க ஊர்ல இருக்கட்டும், சாவியும் எங்க ஊர்ல இருக்கட்டும்

மாவட்டத்துல பேரிடர், சிவில் டிபன்ஸ் பொறுப்பைப் பாக்குற அதிகாரி அவர்களுக்கு, வணக்கம்.

போன ஐப்பசி மழையில எங்க ஊர் பெரிய வீடு ஒண்ணு இரண்டாங்கட்டோட, அதாவது பின்பகுதியோட, இடிஞ்சு இறங்குனது உங்களுக்குத் தெரியும், மறுநாள் நீங்களே வந்து பாத்தீங்க. அதனால முழுக்கதையும் திரும்ப எழுதல. ரிப்போர்ட்ல வந்திருக்க வாய்ப்பில்லாத ஒரு விஷயத்தை மட்டும் சொல்லணும், அந்த ஜாக்கி விஷயம்.

விடியக்காலம் நாலு மணி. மேல்தளத்துச் செங்கல்லும் சுண்ணாம்பும் மொத்தமா வந்திருச்சு, ஆனா தேக்கு உத்தரம் ஒண்ணு ஒரு முனை சுவத்துலயே நின்னு மறுமுனை தரைக்கு வந்திருந்துச்சு, அந்தச் சாய்வுக்கு அடியில இருந்த கொஞ்சூண்டு இடத்துலதான் வீட்டைப் பாத்துக்கிட்டிருந்த அக்கா உயிரோட கெடந்தாங்க. வலது தொடை மேல உத்தரம். இருட்டுல நாங்க எல்லாரையும் பேசாம இருக்கச் சொல்லி காதை வச்சுக் கேட்டப்ப, "கன்னுக்குட்டிய அவுத்து விடுங்கப்பா"ன்னு சத்தம் வந்துச்சு. எங்க கையில இருந்தது மம்பட்டி, கடப்பாரை, ஒரு கிணத்துக் கயிறு. நான் முப்பது வருஷமா கொத்தனார் வேலை பாக்குறவன், நீங்க குடுத்த பன்னெண்டு நாள் பேரிடர் மீட்புப் பயிற்சியும் எடுத்தவன், அந்த உத்தரத்தைக் கடப்பாரை போட்டு நெம்புனா சுவரும் சேந்து வரும்னு பாத்தவுடனே தெரிஞ்சுச்சு. ஜாக்கி வச்சு ஒரு இஞ்ச் தூக்கணும், தூக்குன ஒரு இஞ்சுக்கு உடனே கட்டை குடுத்து அடைக்கணும், மறுபடி ஒரு இஞ்ச். வேற வழி கிடையாது.

பஞ்சர் கடைத் தம்பிய எழுப்பி அவரு ஜாக்கிய வாங்கிட்டு வந்தோம். சீல் போன ஜாக்கி, ஆயில் ஒழுகுது, ஒரு இஞ்ச் ஏறுனா கை எடுக்குறதுக்குள்ள அரை இஞ்ச் இறங்குது. உடைஞ்ச கதவுச் சட்டத்தை அரிவாளால பொளந்து ஆப்பு செஞ்சு சொருகிக்கிட்டே இருந்தோம். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அந்த அக்கா கத்துனதை இன்னைக்கும் என்னால மறக்க முடியல. தீயணைப்பு வண்டி வர்ற வழியில மரம் விழுந்து நின்னுருச்சு, அவங்க மேல குத்தமே சொல்லமாட்டேன், வந்து இருபது நிமிஷத்துல அவங்கதான் வெளிய எடுத்தாங்க. ஏன்னா அவங்ககிட்ட நல்ல ஜாக்கி இருந்துச்சு. அப்ப மணி ஏழே முக்கால்.

இத்தனைக்கும் எங்க ஊர்லேருந்து ஒன்பது கிலோமீட்டர்ல ஒரு ஆபீஸ் ரூம்ல ஹைட்ராலிக் ஜாக்கி நாலு, கட்டர், ஸ்ட்ரெச்சர் எல்லாம் இருக்கு, கதவுல லிஸ்டே ஒட்டியிருக்கு. அந்தப் பக்கம் ரோடும் கிளியராதான் இருந்துச்சு. அன்னைக்கு இருட்டுலயே அங்க போன் போட்டோம், சாவி வச்சிருந்தவரு லீவு.

மூணே முக்கால் மணி நேரம்ங்கிறது சின்ன விஷயம் இல்லைங்க. இரண்டாம் உலகப் போர்ல, 1940-41ல லண்டன்ல குண்டு விழுந்து இடிபாட்டுல சிக்குனவங்கள உயிரோட எடுத்தாங்க, எடுத்தப்ப நல்லாப் பேசுனவங்க சில நாள்லயே கிட்னி நின்னு செத்தாங்க. நசுங்குன சதையிலேருந்து விஷம் ரத்தத்துல கலந்து கிட்னிய அடைக்குதுன்னு பைவாட்டர்ஸ்ங்கிற டாக்டர் 1941லயே எழுதி வச்சாரு. எங்க அக்காவுக்கும் அதேதான், மதுரையில ரெண்டு மாசம் டயாலிசிஸ். பொழைச்சிட்டாங்க, ஆனா கால் வரல.

அந்த லண்டன்லயே மீட்புப் படைக்கு யாரை எடுத்தாங்கன்னா கொத்தனார், தச்சர், பிளம்பர், கட்டட வேலைக்காரங்களை. ஜாக்கி, கப்பி, சங்கிலி, கயிறு, ரம்பம், முட்டுக்கட்டை, கல்லு மண்ணைக் கைமாத்தி விடக் கூடை. இதுல எங்களுக்குப் புரியாத சாமான் எது இருக்கு? காரைக்குடி சுத்துவட்டாரத்துல தேக்குத்தூணையும் உத்தரத்தையும் கப்பி கட்டித் தூக்கி நிறுத்துன பரம்பரை எங்களது. காஸாவுல போர் நடந்தப்ப மெஷினும் டீசலும் இல்லாம மீட்புக்காரங்க வெறுங்கையால தோண்டுனாங்க, அவங்களுக்கு வேற வழியில்லை. இங்க சாமான் இருக்கு, பூட்டி இருக்கு.

போர் எங்களுக்குத் தூரத்து விஷயமும் இல்லைங்க. எங்க ஐயா ரங்கூன்ல ஒரு கடையில பெட்டியடிப் பையனா இருந்தவரு, 1941 டிசம்பர் 23ஆம் தேதி குண்டு விழுந்தப்ப தெருவுல நின்னு விமானத்தை வேடிக்கை பாத்த கூட்டத்துல இருந்தவரு. பர்மா எல்லையில இருக்கிற தாமு வழியா மணிப்பூருக்கு நடந்தே வந்து சேந்தாரு. சுவருக்கு அடியில கூப்பிட்டவங்களை எடுக்கக் கையில ஒரு கடப்பாரை கூட இல்லைன்னு சாகுற வரைக்கும் சொல்லுவாரு. நான் இந்தப் பயிற்சிக்கு வந்ததே அதனாலதான்.

1968ல போர்க்காலப் பாதுகாப்புக்குன்னு போட்ட சிவில் டிபன்ஸ் சட்டத்தை 2009ல திருத்தி பேரிடரையும் சேத்துட்டாங்க, ஆக குண்டுக்குத்தான் குடுப்போம் மழைக்குக் குடுக்கமாட்டோம்னு யாரும் சொல்ல முடியாது. போன வருஷம் எங்க பக்கம் ஒத்திகை வச்சீங்க, சைரன் ஊதுனாங்க, எங்களுக்கு ஜாக்கெட் குடுத்து போட்டோ எடுத்தாங்க, சர்டிபிகேட்டும் வந்துச்சு. அந்த லிஸ்ட்ல இருக்கிற ஜாக்கிய அன்னைக்கு ஒருத்தர் கூட கண்ணால பாக்கல. கையே படாத சாமானை வச்சு என்ன பயிற்சி? இங்க ஊருக்கு ஊர் பூட்டுன வீடு, முப்பது நாப்பது பங்கு, ஒரு பங்காளி மலேசியாவுல ஒருத்தர் சென்னையில, ஓடு மாத்தக் கூட ஆள் இல்லை, மழைத்தண்ணி வளவுலேருந்து, அதாவது நடு முற்றத்துலேருந்து, சுவருக்குள்ள இறங்கிக்கிட்டே இருக்கு. காவலுக்கு இருக்கிற ஏழைங்கதான் அதுக்கு அடியில படுத்திருக்காங்க. அடுத்தது எந்த வீடுன்னு என்னைக் கேட்டா நான் இப்பவே ஆறு வீட்டைக் காட்டுவேன்.

கோவத்துல நீட்டிட்டேன், மன்னிக்கணும். கேக்குறது இதுதாங்க. ஊருக்கு ஒரு இரும்புப் பெட்டி. நல்ல ஜாக்கி ரெண்டு, கப்பியும் செயின் பிளாக்கும், ரம்பம், ஆப்பு, முட்டுக்கட்டை, கயிறு, தலையில மாட்டுற லைட், ஒரு ஸ்ட்ரெச்சர். மாசம் ஒருநாள் எடுத்து ஆயில் பாத்து வைக்கிறது எங்க வேலை. சாவி ரெண்டு, ரெண்டும் ஊருக்குள்ள, லீவு போடாத ரெண்டு வீட்டுல. ஊரணி பக்கத்துல பழைய நூலக ரூமைச் சுத்தம் பண்ணி வச்சிட்டோம், ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட பதினோரு பேர் தயார். ஐப்பசிக்கு முன்னாடி அந்தப் பெட்டியையும் சாவியையும் எங்க ஊருக்கு அனுப்பி வைக்கும்படி பணிவோட கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
அன்னைக்கு ஜாக்கி புடிச்ச கொத்தனார்