பூட்டிய பெட்டியைத் திறந்துவிடக் கோரி ஒரு மனு

அனுப்புநர்
'சி' பிளாக் குடியிருப்போர்,
அரசு வாடகைக் குடியிருப்பு.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: சும்மா கிடக்கும் நெட்வொர்க் கேபிள் வழியாக வீடுகளுக்குக் கேபிள் டிவி இணைப்பு எடுக்க அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் பிளாக்கில் தரைத்தளம் சேர்த்து ஐந்து தளங்கள், 20 வீடுகள். கட்டும்போதே வீட்டுக்கு இரண்டு கேட்-6 நெட்வொர்க் கேபிள்களைச் சுவருக்குள் இழுத்து, கீழே ஓர் இரும்புப் பெட்டியில் கொண்டுவந்து முடித்திருக்கிறார்கள். ஒன்றில் இன்டர்நெட் ஓடுகிறது, மற்றது சும்மா கிடக்கிறது. டிவி கேபிளுக்கு மட்டும் வழி விடவில்லை. அதனால் மொட்டை மாடியிலிருந்து கறுப்பு வயர்கள் ஜன்னல் ஜன்னலாகத் தொங்குகின்றன. போன ஐப்பசி மழையில் பக்கத்தில் இடி விழுந்து, மூன்று செட்டாப் பாக்ஸும் ஒரு டிவியும் போயின.

சுவரில் துளை போடக் கூடாது என்கிறது பராமரிப்பு அலுவலகம். சரி, நியாயம்தான். துளையே தேவைப்படாத வழி இருக்கும்போது அந்தப் பெட்டியையும் திறக்க விடாவிட்டால் நாங்கள் என்னதான் செய்வது?

இதை எழுதும் நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னணுப் பாடம் நடத்துபவன். சிக்னலுக்குக் கேபிள் காட்டும் மின்மறுப்பு டிவி கேபிளில் 75 ஓம், நெட்வொர்க் கேபிளில் 100 ஓம். இரண்டையும் நேராக முறுக்கிச் சேர்த்தால் சிக்னல் திரும்பி அடித்து, படம் கட்டம் கட்டமாக உடையும். இரு முனையிலும் பேலன், அதாவது இரு வகைக் கேபிளையும் பொருந்தச் சேர்க்கும் சிறு கருவி, மாட்ட வேண்டும். கேமரா மாட்டுகிறவர்கள் வைத்திருக்கும் பேலன் இதற்கு ஆகாது. கேபிள் டிவி அலைவரிசை 862 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். அதற்கென்றே செய்தது வேண்டும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. கேட்-6 கேபிளுக்கு 250 மெகாஹெர்ட்ஸ் வரைதான் உத்தரவாதம். அதற்கு மேலே வரும் சேனல்கள் தூரம் கூடக்கூட வலுவிழக்கும். நான்காம் மாடிக்குச் சுமார் 45 மீட்டர். ஆம்ப்ளிஃபயரில் மேல் அலைவரிசையைத் தூக்கி வைத்தால் ஈடுகட்டிவிடலாம் என்பது என் கணிப்பு. போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே எடுத்த எடுப்பில் 20 வீட்டுக்கும் கேட்கவில்லை. நான்காம் மாடியில் ஒரே ஒரு வீட்டில், ஒரு மாதம் சோதித்துப் பார்க்க, உதவிப் பொறியாளர் முன்னிலையில் பெட்டியைத் திறந்துவிட உத்தரவிடுமாறு வேண்டுகிறோம். ஆம்ப்ளிஃபயருக்கு முறையாக எர்த் கொடுப்பது உட்பட எல்லாச் செலவும் எங்களுடையது. கேபிள் ஆபரேட்டரும் சம்மதித்துவிட்டார். படம் சரியாக வராவிட்டால் கழற்றிவிட்டு, பெட்டியைப் பழையபடியே பூட்டித் தருகிறோம்.

ஐப்பசி பிறக்கும் முன் உத்தரவு கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
'சி' பிளாக் குடியிருப்போர்

இணைப்பு: 20 வீட்டாரின் கையொப்பங்கள், தொங்கும் வயர்களின் படங்கள்.