பெயர்ச் சீட்டுகளை எடுத்துவிடாதே

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. தொட்டிகளை மட்டும் இன்னும் கொஞ்ச நாளைக்குத் தூக்காதே. தண்ணீர் குடித்த மண் எவ்வளவு கனக்கும் என்பது உனக்குத் தெரியாததா?

இங்கே எல்லாரும் நலம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு இலை நரம்புகள்கூடத் துல்லியமாகத் தெரிகின்றன. காலையில் செடிகளிடம் போனால் திரும்பி வர மனமே வருவதில்லை.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. "பென்சிலால் எழுதி வைத்த பெயர்களில் பாதி இப்போது தப்பாம். இனி பெயர்ச் சீட்டே வேண்டாம், எல்லாவற்றையும் பிடுங்கிப் போடப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் வீட்டில் ஒரு கலவரம் ஆகிவிட்டது. முதலில் அதைச் சொல்கிறேன்.

மகளும் மாப்பிள்ளையும் குழந்தையோடு வந்திருந்தார்கள். பேத்திக்கு இரண்டரை வயது. கூடத்து மூலையில் இருந்த டைஃபன்பாக்கியாவின் இலையைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டாள். அடுத்த நிமிஷம் அலறல். உதடு வீங்கி, எச்சில் வழிகிறது. மாப்பிள்ளை டாக்டருக்குப் போன் போட்டார். என்ன செடி என்று டாக்டர் கேட்க, இவர் "குரோட்டன்ஸ்" என்றார். நான் போனை வாங்கி, "டைஃபன்பாக்கியா, சேம்புக் குடும்பம்" என்று சொன்னேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. வாயைக் கழுவச் சொன்னார், மூச்சு விடச் சிரமப்படுகிறாளா என்று கேட்டார், உடனே அழைத்து வரச் சொன்னார். சாயங்காலத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறாள். அந்தத் தொட்டி அலமாரி உச்சிக்குப் போய்விட்டது.

அந்தக் குடும்பத்தில் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு ஊசி ஊசியாகக் கட்டுக் கட்டி இலைக்குள் இருக்கிறது. கடித்ததும் அந்த ஊசிகள் நாக்கிலும் உதட்டிலும் குத்தி ஏறுகின்றன. பச்சைச் சேம்பும் சேனையும் அரிப்பதற்கும் இதுதான் காரணம். டைஃபன்பாக்கியா, ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, சிங்கோனியம், அக்லோனிமா, கலேடியம், அலொகேசியா, நம் மணி பிளான்ட் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். குடும்பம் தெரிந்தால், நீ இதுவரை பார்த்தே இராத ஒரு செடியைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துவிடும். இதனால்தான் பெயரை விடாதே என்கிறேன்.

குரோட்டன்ஸ் என்ற சொல்லையே எடுத்துக்கொள். வண்ண இலை இருந்தால் போதும், எல்லாவற்றையும் குரோட்டன்ஸ் என்றுதான் சொல்கிறோம். உண்மையில் தோட்டத்துக் குரோட்டனின் பெயர் கோடியேயம் வேரிகேட்டம். 1753-இல் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் அதைக் குரோட்டன் பேரினத்தில் சேர்த்தார். பிறகு அது வேறு பேரினம் என்று தெரிந்து மாற்றினார்கள். பழைய பெயர் மட்டும் நம் நாக்கிலேயே தங்கிவிட்டது. நிஜமான குரோட்டன் எது தெரியுமா? பேதிக்குப் பேர்போன நேர்வாளம் அந்தப் பேரினம்தான். இரண்டும் ஆமணக்குக் குடும்பம். அதே குடும்பத்தில் செம்பு நிற இலையோடு தொட்டியில் வளர்க்கிறோமே அக்கலிஃபா, அது வழியோரத்துக் குப்பைமேனியின் பேரினத்தைச் சேர்ந்தது. இதை அறிந்த நாளிலிருந்து குப்பைமேனியைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.

நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, வசந்தா. நாம் இலைக்காகச் செடி வளர்க்கிறோம். தாவரவியலார் நெடுங்காலம் பூவைப் பார்த்தே உறவு கண்டார்கள். இலை வெயிலுக்கு ஒரு மாதிரி, நிழலுக்கு ஒரு மாதிரி மாறிக்கொள்ளும். பூவின் அமைப்பு அவ்வளவு எளிதில் மாறாது. நாமோ கோலியஸில் பூ வந்தால் கிள்ளிவிடுகிறோம், மற்றதெல்லாம் தொட்டியில் பூப்பதே அபூர்வம். பெயர்ச் சீட்டில் ஏன் இத்தனை குழப்பம் என்று கேட்டாயே, பெரும்பகுதி இதிலிருந்துதான் வந்தது.

மணி பிளான்ட் கதையைக் கேள். பசிபிக் பெருங்கடலில் மோரேயா என்ற தீவின் கொடி அது. 1880-இல் போத்தோஸ் ஆரியஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆரியஸ் என்றால் பொன்னிறம். பிறகு சிண்டாப்சஸ் பேரினத்துக்குப் போனது. பூவைப் பார்க்காமல் எந்த வீட்டுப் பிள்ளை என்று எப்படிச் சொல்வது? 1960களின் தொடக்கத்தில் ஒரு கொடி பூத்தது. பூ கிடைத்ததும் முதலில் ராஃபிடோஃபோரா என்றார்கள். கடைசியில் 1964-இல் எபிப்ரெம்னம் ஆரியம் என்று நிலைத்தது. இந்தப் பேரினங்களைப் பிரிக்கும் அடையாளங்களில் ஒன்று சூலகத்துக்குள் இருக்கிறது. சிண்டாப்சஸில் ஒரே ஒரு சூல். எபிப்ரெம்னத்தில் சில. ராஃபிடோஃபோராவில் ஏராளம். கொடி முழுக்கக் கையில் இருந்தும், கடுகு அளவு பூவுக்குள் பார்த்தால்தான் பெயர் தெரியும் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஏன் பூப்பதில்லை என்பதற்கும் 2016-இல் விடை கிடைத்தது. பூக்கத் தூண்டும் ஜிப்ரலின் என்ற ஹார்மோனை உண்டாக்கும் மரபணு அதில் சரியாக வேலை செய்வதில்லை. வெளியிலிருந்து அந்த ஹார்மோனைத் தெளித்ததும் பூத்திருக்கிறது. விதையே இல்லாமல், வெட்டி நடும் துண்டுகளாலேயே வெப்பமண்டலம் முழுக்கப் பரவிவிட்டது. பெரிய மரத்தில் ஏறவிட்டால் இலை முறமாக விரிந்து, ஓரம் கிழிந்து, ஆளே மாறிவிடும். தொட்டியில் நாம் பார்ப்பது அதன் குழந்தைப் பருவம் மட்டும்தான்.

பாம்புச் செடியைத்தான் நீ மிகவும் கோபித்துக்கொண்டாய். நாற்பது வருஷமாக சான்சிவேரியா என்று சொன்னதை இப்போது டிரசீனா என்றால் எப்படி என்று. எனக்கும் முதலில் மனசு ஒப்பவில்லை. ஒன்று தண்டே இல்லாமல் மண்ணிலிருந்து வாள் போல எழுகிறது, மற்றது மரம் போல நிமிர்ந்து நிற்கிறது. ஆனால் டிஎன்ஏவைப் பார்த்தால் சான்சிவேரியாக்கள் டிரசீனாக்களின் நடுவிலிருந்தே கிளைத்தவை. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளில் ஒரு மகனின் பிள்ளைகளை மட்டும் எடுத்து வேறு வம்சம் என்று எழுதினால் சரியாகுமா? அப்படித்தான் இருந்தது பழைய பட்டியல். 2017-இல் நம் பாம்புச் செடி டிரசீனா டிரைஃபேசியேட்டா ஆனது. அதன் நெருங்கிய உறவுதான் நார் எடுக்கும் மருள். வில்லுக்கு நாண் திரித்த நார். மருள், டிரசீனா, லக்கி பேம்பூ மூன்றும் ஒரே பேரினம் என்பதை நினைத்துப் பார். லக்கி பேம்பூ மூங்கிலே இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த டிரசீனா சாண்டெரியானா. மூங்கில் புல் குடும்பம்.

இவையெல்லாம் இப்போது தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தில், அஸ்பராகேசியில் இருக்கின்றன. நாம் படித்த காலத்தில் லிலியேசி என்று ஒரு பெரிய மூட்டை இருந்ததே, நினைவிருக்கிறதா? வெங்காயம், செங்காந்தள், கற்றாழை எல்லாவற்றையும் அதில் போட்டு மனப்பாடம் செய்தோம். 1998-இல் டிஎன்ஏ அடிப்படையிலான வகைப்பாடு வந்ததும் மூட்டை அவிழ்ந்துவிட்டது. மூன்றும் இன்று வேறு வேறு குடும்பம். இதே கணக்கில்தான் நீ மயில் தோகை மாதிரி இருக்கிறது என்று கொஞ்சும் கலாத்தியாவும் 2012-இல் கொப்பர்ஷியா ஆனது. ஆனால் ராத்திரியில் இலையைக் கூப்பி நிறுத்தும் அதன் பழக்கம் மாரன்டா குடும்பத்தில் பலவற்றுக்கும் உண்டு. இலைக்காம்பும் இலையும் சேரும் இடத்தில் மூட்டு மாதிரி ஒரு தடிப்பு இருக்கும், தொட்டுப் பார். எந்தப் பெயரில் அழைத்தாலும் அந்த மூட்டு அதன் குடும்பத்தைச் சொல்லிவிடும்.

கார்டிலைனையும் டிரசீனாவையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம் இல்லையா? ஓரமாக ஒரு வேரைக் கீறிப் பார். உள்ளே மஞ்சளோ ஆரஞ்சோ என்றால் டிரசீனா. வெள்ளை என்றால் கார்டிலைன். நான் போன மாதம் தொட்டி மாற்றும்போது பார்த்தேன். ஆறு வருஷமாக டிரசீனா என்று சீட்டு வைத்திருந்த சிவப்புச் செடி கார்டிலைன்!

எல்லாப் பெயரும் மாறிக்கொண்டே போவதில்லை, சில திரும்பியும் வருகின்றன. கோலியஸ் என்று பழகினோம். பிறகு சொலினோஸ்டெமன் என்றார்கள், பிறகு பிளெக்ட்ராந்தஸ். 2019-இல் மறுபடி கோலியஸுக்கே வந்தாயிற்று. கற்பூரவல்லியும் கோலியஸ்தான். இரண்டின் தண்டையும் விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார், நான்கு பட்டை இருக்கும். துளசிக் குடும்பத்து முத்திரை அது. நீ பழைய சீட்டை எறியாமல் வைத்திருந்தால் அது இன்று சரியான சீட்டு.

அப்புறம் ஒரு அனுபவம். மஞ்சள் ஓரம் போட்ட பாம்புச் செடி, 'லாரென்டி' என்று சொல்வார்களே, அதன் இலையைத் துண்டு துண்டாக வெட்டி நட்டேன். மூன்று மாதம் காத்திருந்து குருத்து வந்தது. எல்லாம் வெறும் பச்சை! மண் சரியில்லை, வெளிச்சம் போதவில்லை என்று என்னென்னவோ செய்தேன். தப்பு மண்ணில் இல்லை. அந்த இலையில் இரண்டு விதத் திசுக்கள் அடுக்காகச் சேர்ந்திருக்கின்றன, ஓரத்தில் பச்சையம் குறைந்தது, உள்ளே முழுப் பச்சை. இலைத் துண்டிலிருந்து வரும் புதுக் குருத்து உள்ளே இருக்கும் பச்சைத் திசுவில்தான் பிறக்கிறது. மஞ்சள் ஓரம் வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும். அதனால் என் புதுச் செடிகளுக்கு டிரசீனா டிரைஃபேசியேட்டா என்று எழுதலாம், 'லாரென்டி' என்று எழுதக் கூடாது. ஒற்றை மேற்கோள் குறிக்குள் போடும் பெயர் மனிதர் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றிவரும் பயிர்வகையின் பெயர். அந்தக் குணம் போனால் பெயரும் போய்விடும். இதைப் புரிந்துகொண்டபோது ஏமாற்றம் போய், அந்த மூன்று பச்சைக் குருத்துகள் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

பெயர் வைத்துப் பிரிப்பது புதிதும் இல்லை. தண்டில் வைரம், அதாவது கெட்டியான பகுதி, வெளியே இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. தென்னையும் பனையும் மூங்கிலும் அதன்படி புல். இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைப் பிரிவினைக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பார். மேலே தெரியும் உருவத்தை விட்டு, தண்டை வெட்டி உள்ளே பார்த்தவர்கள் சொன்னது அது.

சரி, சீட்டு விஷயம். நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன், உனக்கும் சரிப்படும் என்று நினைக்கிறேன். குடும்பப் பெயரை மேலே பெரிதாக எழுது. அது அடிக்கடி மாறாது, அவசரத்துக்கும் அதுதான் உதவும். அதன் கீழே இப்போதைய பேரினமும் சிற்றினமும். பழைய பெயரை அழிக்காமல் பின்பக்கம் எழுது, புத்தகத்தில் எதைத் தேடினாலும் கிடைக்கும். பென்சில்தான் நல்லது. பேனா மை வெயிலில் மூன்று மாதத்தில் வெளுத்துவிடுகிறது, பென்சில் கோடு அப்படியே நிற்கிறது.

நீ அனுப்பிய போட்டோவில் இடது ஓரத்தில் உள்ள அந்தச் சிவப்பு இலைச் செடியின் பெயரைக் கேட்டிருந்தாய். போட்டோவை வைத்து மட்டும் சொல்ல மாட்டேன். இலைகள் எதிரெதிராக இருக்கின்றனவா, மாறி மாறியா? ஓரத்தில் பல் பல்லாக வெட்டு இருக்கிறதா? தண்டு உருண்டையா, நான்கு பட்டையா? வால் மாதிரி கதிர் ஏதாவது தொங்கியிருந்தால் கிள்ளாமல் வை. எனக்கு அக்கலிஃபாவாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் இலைகள் எதிரெதிராக இருந்தால் என் ஊகம் தப்பு. பார்த்து எழுது. அதுவரை அந்தத் தொட்டியில் ஒரு வெற்றுச் சீட்டைக் குத்தி வை.

அன்புடன்,
தேவகி