பேஸ்மென்ற் விளம்பரங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி

ஆசிரியருக்கு வணக்கம்.

அக்காவின் பேரன் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே கனடாவுக்குப் படிக்க வந்த நாள் முதல், உங்கள் பத்திரிகையில் வாடகை விளம்பரப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறேன். எங்கள் வீட்டில் மகனின் குடும்பமும் இருப்பதால் பேரனுக்கு வெளியே அறை தேட வேண்டியிருந்தது.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஐந்து இடம் பார்த்தோம். மார்க்கம் வீதிப் பக்கத்து வீடொன்றில் பேஸ்மென்றை, அதாவது நிலத்துக்குக் கீழே உள்ள தளத்தை, பலகை அடித்து மறித்து மூன்று அறை ஆக்கியிருந்தார்கள். எங்களுக்குக் காட்டிய அறையில் ஜன்னலே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ். அது ஓடத் தொடங்கினால் கட்டில் அதிர்கிறது. வாடகை 800 டொலர். "முதல் மாதம், கடைசி மாதம், சேதத்துக்கு 500, அதோட ஆறு மாதச் செக்கும் தாங்கோ. தம்பிக்குக் கிரடிட் இல்லைத்தானே" என்றார் வீட்டுக்காரர். நம்மவர்தான். தேத்தண்ணியும் தந்தார்.

ஒன்ராறியோவின் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி கடைசி மாத வாடகையை முற்பணமாக வாங்கலாம். அதற்கு மேல் சேதத்துக்கென்று ஒரு சதமும் வாங்க முடியாது. பின்திகதியிட்ட செக் தந்தால்தான் அறை என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. வாடகையைக் கூட்டுவதென்றால் 90 நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும், அதுவும் 12 மாதத்துக்கு ஒரு தடவைதான். ஆனால் வீட்டுக்காரரோடு குசினியையோ குளியலறையையோ பங்குபோட்டால் இந்தச் சட்டம் பொருந்தாது. அறை தேடும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மாணவர் விசாவுக்கு வாழ்க்கைச் செலவுக்கென்று 2023 வரை 10,000 டொலர் காட்டினால் போதும். 2025 செப்டெம்பரில் அது 22,895 ஆனது. ஊரில் காணியை ஈடுவைத்துக் காட்டிய காசு அது. படிப்புக் காலத்தில் வாரம் 24 மணி நேரம்தான் வெளியே வேலை செய்யலாம். 2025 ஒக்டோபரில் வந்த, மணிக்கு 17.60 டொலர் அடிப்படைச் சம்பளத்தில் கழிவுகளுக்கு முன் வாரம் 422 டொலர் வரும். அந்த ஜன்னலில்லாத அறைக்கே கிட்டத்தட்ட இரண்டு வாரச் சம்பளம் போய்விடும். பிறகு பஸ், போன், சாப்பாடு.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2022 பெப்ரவரியில் 0.25 சதவீதமாக இருந்த கனடா மத்திய வங்கி வட்டி 2023 ஜூலையில் 5 சதவீதம் ஆனது. மோட்கேஜ் (வீட்டுக் கடன்) கட்டுகிற எனக்கும் அந்த வலி தெரியும். சரி, அதற்காக நேற்று வந்த பிள்ளையின் தலையிலா கை வைப்பது? 1991 இல் நான் வந்தபோது வெல்லஸ்லி வீதி அடுக்குமாடியில் இரண்டு அறைக்குள் ஆறு பேர் இருந்தோம். இரவு வேலைக்காரன் எழும்பிப் போன மெத்தையில்தான் பகல் வேலைக்காரன் படுப்பான். ஆனாலும் வாடகையை ஆறாகப் பிரித்த பிறகு ஊருக்கு அனுப்பக் கையில் காசு மிஞ்சியது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். 'சைவ உணவு உண்பவர்கள் விரும்பத்தக்கது' என்று அச்சடிக்கிற அதே பக்கத்தின் மூலையில், வீட்டுக்காரர் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று நாலு வரி ஒரு பெட்டிக்குள் போடுங்கள். வாராவாரம் போடுங்கள். விளம்பரம் தருகிற சிலர் முகம் சுளிப்பார்கள்தான். அந்த இடத்துக்குக் கட்டணம் வேண்டுமென்றால் முதல் மூன்று மாதத்துக்கு நானே தருகிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்