காது கேளாதோர் சதுரங்கச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், பெற்றோருக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஜூலை 20 உலகச் சதுரங்க நாளும் செப்டம்பர் 23 சைகை மொழி நாளும் வழக்கம்போல் கொண்டாடப்பட்டன. செயற்குழு நான்கு முறை கூடியது. இரண்டு முறை கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான ஆள் எண்ணிக்கை, இருந்தது.

இனி, போட்டிகளில் எதிராளியிடம் காட்ட நான் செய்த அட்டை விஷயம். "இதற்கு இவ்வளவு மெனக்கெடலா?" என்று பின்வரிசையில் கைகள் பேசியதை நானும் பார்த்தேன். ஓபன் போட்டி ஒன்றில் நம் பையன் ஒரு சிப்பாய் குறைவாக ஆடிக்கொண்டிருந்தான். எதிராளியின் கிளாக்கில் மூன்று நிமிடம்தான் பாக்கி. எதிராளி வாயால் "டிரா?", அதாவது சமனாக முடித்துக்கொள்ளலாமா, என்றிருக்கிறான். பலகையை விட்டுக் கண்ணெடுக்காத நம் பையன் குதிரையை நகர்த்திவிட்டான். ஆடுவதற்காகக் காயைத் தொட்டாலே டிராவை மறுத்ததாக விதி. கடைசியில் தோற்றான். கையெழுத்துப் போடும்போதுதான் நகர்வுகளை எழுதும் எதிராளியின் ஸ்கோர் ஷீட்டில், டிரா கேட்டதற்கு அடையாளமான (=) குறி கண்ணில் பட்டது. அதன்மேல் விரலை வைத்தபடி என்னைத் தேடினான்.

அதற்குப் பிறகுதான் அறுபது அட்டைகளை லேமினேட் செய்தேன். ஒரு பக்கம் பெரிதாக (=). மறுபக்கம், "எனக்குக் காது கேட்காது. ஏதாவது சொல்லவேண்டுமானால் என் கண்முன் கையசையுங்கள்". ஆட்டம் தொடங்கும் முன்பே ஆர்பிட்டரிடம் (நடுவரிடம்) காட்டி அனுமதி வாங்கிவிடுகிறோம். ஒரு இடத்தில் மட்டும், "இது விதியில் இல்லை" என்று அரைமணி நேரம் நிற்க வைத்தார்கள். கோபன்ஹேகனில் 1949இலேயே நமக்கென்று உலக அமைப்பு தொடங்கியாயிற்று. 2019இல் இத்தாலியில் நடந்த, காது கேளாதோருக்கான ஒலிம்பிக்ஸ் போன்ற குளிர்கால டெஃப்லிம்பிக்ஸில் சதுரங்கமும் இருந்தது. இங்கே ஒரு அட்டைக்கு அரைமணி நேரம்.

அந்த அளவுக்குப் போக நமக்கும் ஆசைதான். நல்ல காதிலும் குறைந்தது 55 டெசிபல் இழப்பு என்று ஆடியோகிராம், அதாவது செவித்திறன் சோதனை அறிக்கை, காட்ட வேண்டும். ஆடும்போது காது மெஷினைக் கழற்றிவிட வேண்டும். ஆடியோகிராம் கேட்டு வாட்ஸப்பில் மூன்று முறை சைகை வீடியோ போட்டேன். 38 பேரில் 9 பேர்தான் கொடுத்தார்கள். மற்றவர்களிடமிருந்து நீல டிக் மட்டும் வந்தது.

சந்தாவும் அப்படித்தான். 200 ரூபாய். 17 பேர் கட்டியிருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். அந்த 'ஏறக்குறைய' என் கையிலிருந்து போனது. பில்கள் பொருளாளரிடம் உள்ளன. பொருளாளர் இன்று வரவில்லை.

மண்டபம் தந்தவர்களுக்கும், இந்த அறிக்கையைச் சைகையில் சொல்லிக்கொண்டிருக்கும் சகோதரிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பொறுப்பை யார் ஏற்றாலும் சாவியையும் மீதி அட்டைகளையும் ஒப்படைக்கத் தயார். எல்லோரும் கவனிக்கத் தலைவர் விளக்கை அணைத்துப் போட்டதும் தேர்தல். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது.

செயலாளர்