வெங்காயத்தாளுக்குப் பட்டறை ஆகாது பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸாப்பில் அனுப்பிய வெங்காயத்தாள் கட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நுனியெல்லாம் மஞ்சள் பாய்ந்து, ரப்பர் பேண்டு போட்ட இடத்தில் கொழகொழவென்று இருக்கிறது. "பிடுங்கி ரெண்டு நாள்கூட ஆகலப்பா, நம்ம ஊர்ல வெங்காயம் சேத்து வைக்கிற பட்டறை மாதிரியே காத்தோட்டமாத்தான் வச்சேன்" என்று எழுதியிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், மாப்பிள்ளையும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காற்றோட்டமாக வைத்ததால்தான் பாப்பா வாடியது. நீ சின்ன வயதிலிருந்து பார்த்தது வேறு சரக்கு. நம் செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயத்தை எப்போது பிடுங்குவோம்? தாள் பாதிக்கு மேல் தானாகச் சாய்ந்த பிறகு. பிடுங்கியதும் வயலிலேயே வரிசையாகப் போட்டு, ஒரு வரிசைத் தாள் அடுத்த வரிசைக் காயை மூடுகிற மாதிரி பரப்பி, வெயில் காயில் நேராக விழாமல் சில நாள் காயவிடுவோம். கழுத்து சுண்டி, மேல் தோல் சருகாகி, கையில் எடுத்தால் சலசலக்க வேண்டும். அப்புறம்தான் கழுத்தில் ஒரு விரல் அகலம் விட்டுத் தாளை அறுத்து, பட்டறையில் ஏற்றுவது. கல் அடுக்கி, அதன் மேல் மூங்கிலோ குச்சியோ பரப்பி, தரை ஈரம் தொடாத உயரத்தில், அகலம் குறைவாக, இந்தப் பக்கம் நுழைந்த காற்று அந்தப் பக்கம் வெளியேறும்படி படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்து வைத்திருப்பது எல்லாமே ஈரம் சேரக்கூடாது என்பதற்காகத்தான். அந்தக் காய் வளர்ச்சியை நிறுத்தி உறங்கிவிட்டது. உறக்கம் கலையாமல் ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும்.

வெங்காயத்தாள் உறங்கவில்லை. வளர்ந்துகொண்டிருக்கும்போதே பிடுங்கியிருக்கிறாய். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மூடி வைக்கத் தோல் கிடையாது, இலை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. காற்று அடிக்க அடிக்க ஈரம் போய்த் துவளும். மூச்சு விடுவதால் சூடும் வரும். காலையில் பிடுங்கிக் குவித்த கட்டுகளுக்கு நடுவே மத்தியானம் கையை விட்டுப் பார், வெதுவெதுவென்று இருக்கும். அந்தச் சூடுதான் முதலில் மஞ்சளாக்குகிறது, அப்புறம் அழுக வைக்கிறது. ஆகவே பட்டறைக்குச் செய்வதற்கு நேர் எதிராகச் செய். குளிர்ச்சி வேண்டும், ஈரக்காற்று வேண்டும்.

வெயில் ஏறுவதற்கு முன் பிடுங்கு. ஓசூரில் விடிகாலை நல்ல குளிர்தானே, அதை விடாதே. முந்தின சாயங்காலம் லேசாகத் தண்ணீர் விட்டால் மண் இளகி வேர் அறாமல் வரும். பிடுங்கியதும் மண்ணை உதறிவிட்டு உடனே நிழலுக்குக் கொண்டுபோ, வரப்பில் ஒரு மணி நேரம்கூடக் கிடக்க வேண்டாம். வேரை ஒட்ட நறுக்காதே. நறுக்கினால் உள்ளே இருக்கும் குருத்து வெட்டு வாயிலேயே நீண்டு பிதுங்கிக்கொண்டு வரும், பார்க்க அசிங்கமாகிவிடும். நுனியையும் அழகுக்காக வெட்டாதே. தாள் உள்ளே குழாய் அல்லவா, நுனியை வெட்டினால் கழுவும் தண்ணீர் குழாய்க்குள் இறங்கித் தங்கிவிடும். நீ அனுப்பிய படத்தில் அந்தக் கொழகொழப்பைப் பார்த்ததும் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. பழுத்த இலையை மட்டும் உரித்துப் போட்டுவிட்டு, நல்ல குளிர்ந்த தண்ணீரில் அலசி, தலைகீழாகப் பிடித்து உதறி, நீரை வடியவிட்டுக் கட்டு. கட்டு தளர்வாக இருக்கட்டும். ரப்பர் பேண்டு இறுகினால் இலை நசுங்கும், நசுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும். வாழைநார் கிடைத்தால் அதுவே போதும்.

கட்டுகளைப் படுக்க வைக்காமல் கிரேட்டில் நிறுத்தி வை. படுக்கப் போட்டால் நுனி மேல்நோக்கி வளையும், உயிரோடு இருப்பதால் அது நிமிரத்தான் பார்க்கும். வளைந்த கட்டை பெங்களூரு வியாபாரி ஒதுக்கிவிடுவார். மேலே நனைத்துப் பிழிந்த சாக்கைப் போடு. சொட்டச் சொட்ட வேண்டாம், ஈரமாக இருந்தால் போதும்.

குளிர்பதனக் கிடங்கில் சைபர் டிகிரியில், காற்று முழு ஈரத்தோடு இருந்தால், மூன்று நான்கு வாரம்கூடத் தாங்கும். உன் அரை ஏக்கருக்குக் கிடங்கு வாடகை கட்டுபடியாகாது, அந்த யோசனையே வேண்டாம். அதற்குப் பதில் டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் ரொம்ப வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்த கரண்ட் இல்லாத செங்கல் தொட்டி ஒன்று இருக்கிறது, ஜீரோ எனர்ஜி கூல் சேம்பர் என்பார்கள். ஏறக்குறைய ஐந்தரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், இரண்டேகால் அடி உயரத்துக்கு இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவே மூன்று அங்குல இடைவெளி விட்டு ஆற்று மணலை நிரப்ப வேண்டும். மூங்கில் சட்டத்தில் சாக்கு தைத்த மூடி, மேலே நிழலுக்கு ஒரு கீற்றுப் பந்தல். காலையும் மாலையும் சுவர், மணல், மூடி எல்லாவற்றையும் நனைத்துவிட வேண்டும். நம் மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே விதம்தான். நல்ல கோடையில் வெளி வெயிலைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறையும். ஆனால் மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும்போது பெரிதாகக் குளிராது, அப்போது பிடுங்கிய அன்றே அனுப்பிவிடு. இதில் வாரக்கணக்கில் வைக்கலாம் என்று நம்பிவிடாதே. வண்டி வராத நாளைச் சமாளிக்க உதவும், அவ்வளவுதான்.

இதைவிட நல்ல வழி, விலை இல்லையென்றால் பிடுங்காமலே விடுவது. எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்க வேண்டும் என்று யார் சொன்னது? பாத்தி பாத்தியாகப் பத்து நாள் இடைவெளியில் நட்டால் இந்தச் சிக்கலே குறையும். நீ நட்டது சின்ன வெங்காய விதைக்காய் என்றால் மிச்சத்தை முற்றவிடு, தாள் சாய்ந்ததும் காயப்போட்டுப் பட்டறையில் ஏற்றலாம், அதற்கு நம் வழி அப்படியே பொருந்தும். தாளுக்காகவே வளர்க்கிற காய் பிடிக்காத ரகமாக இருந்தால் முற்றவிட்டும் பயனில்லை, விதைப் பாக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்.

வீட்டுக்கு எடுத்து வைப்பதென்றால், ஈரத் துணியில் வேர்ப்பக்கத்தைச் சுற்றி, பையில் தளர்வாகப் போட்டு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வை, ஒரு வாரம் நன்றாக இருக்கும். ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பாலும் திராட்சையும் பக்கத்தில் இருந்தால் அவற்றில் வெங்காய வாடை ஏறும். மிஞ்சினதைப் பொடியாக நறுக்கி, ஈரம் போகத் துடைத்து ஃப்ரீசரில் போட்டு வைத்துக்கொள், பருப்புக்கும் முட்டைப் பொரியலுக்கும் ஆகும், பச்சையாகத் தூவ ஆகாது.

முன்னே சொன்ன குளிர்த் தொட்டிக்குச் செங்கல் புதிதாக, உடையாததாக, தண்ணீர் ஊற்றினால் உறிஞ்சுகிறதாக இருக்க வேண்டும். பழைய வீட்டை இடித்த கல் மலிவு என்று மாப்பிள்ளை வாங்கிவிடப் போகிறார், சிமெண்டு பூசின கல் வேண்டவே வேண்டாம் என்று சொல். போர்வெல் தொட்டிக்குப் பக்கத்தில் காற்று வருகிற நிழலான இடமாகப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பு. அம்மா கேட்கச் சொன்னாள், சந்தை நாளில் காலையில் சாப்பிட்டுவிட்டுத்தானே கிளம்புகிறாய்?

அன்புடன்,
அப்பா